கையெட்டுத் தட்டு

பசறைப் பலசரக்குக் கடைக்காரர் சிவராசா, தமக்குத் தெரியாததையெல்லாம் தேவையில்லாதது என்று தள்ளிவைத்திருந்தார். கம்ப்யூட்டரும் அதில் சேர்த்தி. எதிர்க்கடை ஷப்ராஸ் ஒன்று வாங்கியதும் அது தேவையானதாகிவிட்டது.

பதுளையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தியவன் கம்ப்யூட்டர் கடைப் பையன் ஷாஹ்மி. சிவராசா வழக்கம்போல் பேரத்தில் இறங்கினார்.

"பில்லுல கேஷ் மெமரின்னு போட்டிருக்கே, அது என்னாத்துக்கு? பெரிய மெமரி இருக்கையில இந்தத் துக்கடா எதுக்கு? கழட்டிட்டு வெலையக் கொற."

"கழட்ட ஏலாது மொதலாளி. நீங்க கற்பூரம், தீப்பெட்டியக் கையெட்டுத் தட்டுல வச்சிருக்கீங்கல்ல? கேட்டதும் எடுத்துக் குடுக்குறீங்க. பின்னால ஸ்டோருக்குப் போனா நேரமாகும். பெரிய மெமரி அந்த ஸ்டோர். கேஷ் இந்தத் தட்டு. கம்ப்யூட்டர் அடிக்கடி தேடுறது பக்கத்துலயே இருக்கும். அதான் வேகம்."

சிவராசாவுக்குப் பாதி புரிந்தது. புரியாமலே இருந்திருந்தால் கடை பிழைத்திருக்கும்.

பக்கத்தில் வைத்தால் சரக்கு வேகமாக ஓடும் என்று எடுத்துக்கொண்டார். போன வருடத்திலிருந்து தூங்கிய ஓட்ஸ் டின்களும் பிளாஸ்டிக் பூச்சாடிகளும் தட்டில் ஏறின. கற்பூரமும் நல்லெண்ணெயும் ஸ்டோருக்குப் போயின.

"கேக்காததக் கையில வச்சா எப்படிங்க?" என்றார் மனைவி லீலாதேவி.

"ஒனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

தீபாவளிக்கு முந்திய நாள் மடுல்சீமை பஸ் வந்து நின்றது. டிரைவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தேயிலைத் தோட்டத்துச் சனம் சாமான் வாங்கி ஏறிவிட வேண்டும். சிவராசாவின் தீபாவளி வியாபாரமே அந்த டீக்குள்தான்.

"மொதலாளி, கற்பூரமும் நல்லெண்ணெயும். வெரசா!" முதலில் வந்தவர் இராக்கம்மா.

சிவராசா ஸ்டோருக்கு ஓடினார். கற்பூரத்தோடு திரும்பினால் எண்ணெயை மறந்திருந்தார். அதற்குள் இன்னொருவர் தீப்பெட்டி கேட்டார். மூச்சிரைத்தது.

"ஓட்ஸ் எடுத்துட்டுப் போங்களேன். கைக்கிட்டயே இருக்கு, ஒடம்புக்கும் நல்லது."

"விடியக்காலையில தலையில தேச்சுக் குளிக்கவா மொதலாளி?" என்றார் இராக்கம்மா.

கூட்டம் சிரித்தது. டிரைவர் ஹார்ன் அடித்தார். சிரித்த கூட்டம் அப்படியே ரோட்டைத் தாண்டி ஷப்ராஸ் கடைக்குள் புகுந்தது. சிவராசா மறுபடி ஸ்டோருக்கு ஓடி எண்ணெய்ப் போத்தலோடு வந்தபோது அவரை வரவேற்கப் பூச்சாடிகள் மட்டுமே நின்றன.

பஸ் வளைவில் மறைவதற்குள் ஷாஹ்மிக்குப் போன் போட்டு நடந்ததைக் கொட்டினார்.

"கேட்டதத்தான் மொதலாளி கேஷ் வச்சிருக்கும், விக்காதத இல்ல," என்றான் அவன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ தந்த கேஷ் சின்னது, அதான் கோளாறு. இதவிடப் பெருசா ஒன்னு கொண்டா. ஓட்ஸ் இன்னும் ஸ்டோர்ல கெடக்கு."