மணவாளன் அணைக்காத கற்பூரம்

என் தங்கை வடிவின் நிச்சயதார்த்தம் எங்கள் பாட்டன் பெயரைச் சொல்லும் வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்தது. தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு வீட்டாரின் மூன்று தலைமுறையையும் சபையில் உரக்கச் சொல்வது எங்கள் வழக்கம். "மணவாளன் பேத்தி, ஜம்புலிங்கம் மகள், சௌபாக்கியவதி வடிவு" என்று ஐயர் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா திருவேங்கடம் கையில் ஏந்தியிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

"எந்த மணவாளன்?"

"எங்க நைனாதான். ரங்கூனுக்குப் போனவரு, அங்கியே பூட்டாருன்னு எங்கம்மா சொல்லிச்சு" என்றார் என் அப்பா.

"ரங்கூனா? யார் சொன்னது உனக்கு? எங்க ஊரு அம்மன் கழுத்துத் தாலிப் பொட்டைத் திருடிட்டு ஜெயிலுக்குப் போனவன்யா உங்கப்பன்."

இந்த நிச்சயதார்த்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் நடந்தது. நாங்கள் அம்பத்தூரில் ஏரிக்கரை ஓரம் குத்தகை நிலத்தில் பயிர்வைத்துப் பிழைத்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருமழிசைக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். எங்களுக்கும் அதுதான் பூர்வீகம். அப்பாவைச் சின்னக் குழந்தையாக இடுப்பில் தூக்கிக்கொண்டு அவருடைய அம்மா அம்பத்தூருக்கு வந்தவள். அப்புறம் சாகும் வரைக்கும் அந்தத் திசைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பூர்வீக ஊரிலேயே சம்பந்தம் கிடைத்துவிட்டது என்று அப்பா ஒரு மாதமாகத் தலைகால் தெரியாமல் திரிந்துகொண்டிருந்தார். நன்றாகக் கிடைத்தது சம்பந்தம்.

வடிவு கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பதினாறு வயசு. எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்குத் தலைவாரிப் பின்னி வளர்த்தவள் நான். அவள் முகத்தைப் பார்த்ததும் திருவேங்கடத்தின் குடுமியைப் பிடித்து இழுக்கலாம் போல எனக்குக் கை அரித்தது.

அவர் கொஞ்சமும் குரலைத் தாழ்த்தவில்லை. "வர்ற வெள்ளிக்கெழமை வெளக்கு வெக்கிற நேரத்துக்கு எங்க கோயிலுக்கு வா. கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணு. உங்க குடும்பத்துல எந்தக் கையும் அந்தப் பொட்டு மேல படலேன்னு சொல்லு. அப்பாலே பொண்ணைக் குடு. இல்லியா, ஆளை உடு."

"வெள்ளிக்கெழமை இன்னாயா வெள்ளிக்கெழமை, இப்பவே வர்றேன்!" என்று அப்பா துள்ளினார்.

கற்பூரம் அணைப்பது விளையாட்டில்லை. அம்மன் முன்னால் தட்டில் கட்டிக் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதன்பிறகு அந்தப் பேச்சை ஊரில் ஒருவரும் எடுக்கக் கூடாது. சொன்னது பொய்யென்றால் வம்சம் விளக்கேற்றாமல் போகும். இதைச் சத்தியத்தோடு சேர்த்து வாயால் சொல்லவும் வேண்டும்.

அப்பாவுக்குத் தன் அப்பனைக் கண்டாலே ஆகாது. கண்ட ஞாபகமே இல்லை, அது வேறு. "எவளையோ வெச்சிகினு எங்கம்மாவை நட்டாத்துல உட்டவன்" என்பார். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்ததில்லை. ஆனால் திருடன் என்று அடுத்தவன் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. இடையில் இருந்த நான்கு நாளும் அடிபட்ட பாம்பாகச் சீறிக்கொண்டிருந்தார். எனக்கோ வேறு கவலை. ஜெயில் என்பது நிஜமாக இருந்துவிட்டால்? ஒன்றுமே தெரியாமல் வம்சத்தின் மேல் ஆணையிடப் போகிறாரே இந்த மனுஷன்!

என் புருஷன் எத்திராஜ் செங்கல் வண்டி ஓட்டுகிறவர். புதன்கிழமை அவரைத் தொந்தரவு செய்து மாட்டைப் பூட்டச் சொல்லி அந்த ஊருக்கே போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல், களத்துமேட்டில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் என்ற கிழவியைப் பிடித்தேன். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். யார் என்று சொன்னதும் முறத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜெயிலுக்குப் போனது நெசந்தான்டி. அம்மன் நகையைத் திருநாளுக்கு முந்தி வருசத்துக்கு ஒரு ஊட்டுல வெச்சி வெளக்குவாங்க. அந்த வருசம் உங்க பாட்டன் முறை. வெளக்கி முடிச்சா, நடுப்பொட்டைக் காணோம்னான். உங்க ஊட்டுல எந்தக் கையும் படலேன்னு கற்பூரத்தை அணைடா, உட்டுடறோம்னு ஊரே கத்துது. இவன் கையைக் கட்டிகினு நிக்கிறான். அணைக்கவே இல்ல. அப்பறம் இன்னா, போலீசு வந்துது, பட்டணத்து ஜெயில்ல போட்டாங்க. அங்கியே செத்தான்."

"செத்தது யாருக்குத் தெரியும்?"

"கூட ஜெயில்ல இருந்த துலுக்கன் ஒருத்தன் வந்து சொன்னான். பூந்தமல்லில மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன், ஷவுகத் அலின்னு பேரு."

அணைக்கவில்லையாம். எடுக்காதவன் ஏன் அணைக்காமல் நிற்கிறான்? திரும்பி வரும் வழியெல்லாம் இதையே எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். என் புருஷனே பயந்துபோய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வியாழக்கிழமை பூந்தமல்லி. லாடம் அடிக்கிற ஷவுகத் அலியின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மாடு வைத்திருக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்குமா? ஆனால் ஆள் இல்லை. ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு ஜும்மா தொழுகைக்கு எப்படியும் வந்துவிடுவார் என்று அவர் மருமகள் ஜுபைதா சொன்னாள். நாளைக்கு விளக்கு வைக்கும் நேரத்துக்கு அங்கே என் அப்பா கையை நீட்டப் போகிறார், இவள் சாவகாசமாக எப்படியும் என்கிறாளே என்று அந்த அப்பாவிப் பெண் மேல் எனக்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவும் வடிவும் சொந்தக்காரர்களோடு நேராகக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நாங்கள் பூந்தமல்லிக்கு வந்து பள்ளிவாசல் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. வெள்ளைத் தாடியும் தழும்பேறிய கைகளுமாக ஷவுகத் அலி வந்தார். மணவாளனின் பேத்தி என்று நான் சொன்னதும் அவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"அந்தாளு எடுத்தாரா பாய்? ஒண்ணு சொல்லுங்க, போதும்."

"எடுக்கலம்மா."

எனக்குப் போன உயிர் வந்தது. "அப்ப கற்பூரத்தை ஏன் அணைக்கல?"

அவர் தலைகுனிந்துகொண்டார். "அதைக் கேக்காதே. யார் கையிலயும் சொல்றதில்லைன்னு அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

வெகுநேரம் கெஞ்சிப் பார்த்தேன். மனுஷன் மசியவில்லை. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. எனக்கு வந்ததே ஆத்திரம். "செத்தவருக்கு நீங்க குடுத்த வாக்கைக் காப்பாத்திகினு இங்கியே நில்லுங்க. அவரு பெத்த புள்ள அங்க தெரியாம வம்சத்து மேல சத்தியம் பண்ணப் போறாரு. அது பொய்யாப் போனா நீங்களா பாய் வந்து வெளக்கேத்துவீங்க?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"சத்தியமா? இன்னா சொல்லி?" என்றார். சொன்னேன். எந்தக் கையும் படவில்லை என்கிற இடத்தில் அவர் முகம் மாறியது. வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டு. போய்கினே சொல்றேன்."

வண்டி நசரத்பேட்டையைத் தாண்டும்போது சொன்னார். நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் விளக்கிக்கொண்டிருந்த பாட்டன் பக்கத்தில் மூன்று வயசுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் ஒரு நிமிஷம் திரும்பிய நேரத்தில் நடுப்பொட்டை எடுத்து விழுங்கிவிட்டது. அந்தப் பிள்ளைதான் என் அப்பா. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காமல், காணோம் என்று பாட்டனே ஊரில் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் காலையில் பிள்ளையின் மலத்தில் பொட்டு வந்தது.

"குடுத்திருக்கலாமே!" என்றார் என் புருஷன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். புள்ள வயித்து வழியா வந்ததைக் களுவி அம்மன் களுத்துல எப்பிடிப் பூட்டறது பாய்னாரு. சொல்லாம பூட்டினா பாவம். சொன்னா, அம்மன் தாலியை முழுங்குன புள்ளைன்னு ஊரு அவன் மூஞ்சில முழிக்காதுன்னாரு. கூவம் ஆத்து மணல்ல பொதைச்சிட்டாரு. அப்பறம் கற்பூரத்தை நீட்டுனாங்க. எங்க ஊட்டுல எந்தக் கையும் படலேன்னு சொல்லுன்னாங்க. வெளக்கத் தொட்டதைக் கேக்கல, எடுத்த கையைக் கேக்கறாங்க; புள்ளைக் கை பட்டுதே, எப்பிடிச் சொல்றது?"

எத்தனை பெரிய முட்டாள் என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடி எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்லியிருந்தால் ஒரு உள்ளங்கைச் சூட்டோடு போயிருக்கும். உண்மையைச் சொல்லியிருந்தால் பிள்ளை ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டும் வேண்டாம் என்று ஜெயிலுக்குப் போனவர்தான், நாங்கள் ரங்கூனில் எவளோடோ இருந்தார் என்று நினைத்த மனுஷன்.

என் புருஷன் மாட்டைத் தட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார். "நாகம்மா, நீ ஒண்ணும் சொல்லாதே. உங்க நைனாவுக்குத் தெரியாது. தெரியாம பண்ற சத்தியம் பொய் ஆவாது. அவரு அணைக்கட்டும், பொண்ணு ஊடு போய்ச் சேரட்டும். நீ வாயைத் தொறந்தே, வடிவு வாழ்க்கை அம்போதான்."

என் புருஷன் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாதென்றால் எனக்குத் தெரியுமே. அணைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றால் அந்தச் சத்தியம் யார் தலையில் விழும்? வடிவின் தலையில்தானே? சொன்னாலும் அவள் கெட்டாள், சொல்லாவிட்டாலும் கெட்டாள். மாடு வேகமாகப் போகக் கூடாதா என்றும், போய்ச் சேராமலே இருக்கக் கூடாதா என்றும் மாறி மாறி நினைத்தேன்.

நாங்கள் போனபோது கோயிலில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. ஊர் முழுக்கக் கூடியிருந்தது. வாசல் திடலில் தட்டில் கற்பூரம் எரிய, அப்பா அதன் முன்னால் நின்றார். வடிவு பெண்கள் கூட்டத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். திருவேங்கடம் சொல்லச் சொல்ல அப்பா திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பன் மணவாளன் கை அம்மன் பொட்டு மேல படலை!"

கணீரென்று வந்தது குரல். அவர் முகத்தில் அப்படியொரு கர்வத்தை நான் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷம் தூற்றிய அப்பனுக்காக முதல்முறையாக ஊர் நடுவில் நின்று பேசுகிறார். அந்த அப்பன் யார் என்று தெரியாமலே பேசுகிறார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"எங்க குடும்பத்துல எந்தக் கையும்..." என்று திருவேங்கடம் எடுத்துக்கொடுத்தார். அப்பா கையை ஓங்கினார்.

"நைனா, அணைக்காதே!"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. வடிவு நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "பாத்தீங்களா, பொண்ணே சொல்லிட்டா" என்று எவனோ சிரித்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அப்பாவின் கையைப் பிடித்தபடியே, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். பூந்திக்கொட்டைத் தண்ணீர், மூன்று வயசுப் பிள்ளை, இரண்டாம் நாள் காலை, ஆற்று மணல். திடலுக்கு வெளியே நின்ற ஷவுகத் அலி, "அல்லா மேல ஆணையா அத்தனையும் நெசம்" என்றார்.

"இன்னாய்யா கதை உடறீங்க? செத்தவன் சொன்னான்னு எவனோ சொன்னா ஊரு நம்பணுமா?" என்றார் திருவேங்கடம்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். கற்பூரம் பாதிக்குமேல் கரைந்திருந்தது.

"எங்கப்பாரு கை படல" என்றார். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். "என் கைதான் பட்டுது. நான்தான் முழுங்கினேன். பொய்யின்னா என் வம்சம் வெளக்கேத்தாம பூடட்டும்."

உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் அழுத்தினார். அணைந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை; நான்தான் இழுத்து எடுத்தேன்.

அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அது அவர்கள் ஊர்ச் சட்டம். திருவேங்கடம் ஊர்ப் பெரியவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடைசியில் வேம்புலியம்மாள்தான், "மூணு வயசுப் புள்ளைக்கு இன்னாடா குத்தம்? தட்டை எடு" என்று அவரை அதட்டினாள். அவர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தாம்பூலத் தட்டை எடுத்தார். வடிவு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அப்பா எதையும் பார்க்கவில்லை. கூட்டத்தைக் கடந்து நேராக ஷவுகத் அலியிடம் போனார்.

"பாய், அவருக்கு என் மேல கோவம் இருந்துதா? என்னால உள்ள கெடக்கறோம்னு எதுனா சொன்னாரா?"

"சீ சீ, இன்னாப்பா பேசற? உங்கம்மா பாக்க வரும். கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு ஒரே பேச்சுதான் கேப்பாரு. வேற எதுவும் கேக்க மாட்டாரு. கடைசித் தரம் காய்ச்சல்ல எளுந்து நிக்க முடியாம, என் தோளைப் புடிச்சிகினு வந்து நின்னாரு. அன்னிக்கும் அதையேதான் கேட்டாரு."

"இன்னா கேட்டாரு?"

"புள்ளைக்கு வயிறு நல்லா கீதா, சோறு துன்றானான்னு."

அப்பா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, "ஐயோ, எங்கப்பா" என்று குழந்தை மாதிரி அழுதார்.