அவள் சொல்லாத பேர்

புருஷன் வரதன் செத்த மூன்றாம் மாதம், கோவளத்து வீட்டில் சந்திரம்மா மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது அவனுடைய செல்போன் அடித்தது. தூக்கிப் போட மனமில்லாமல் அதை அவள் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். செத்தவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? பாதிக் கண்ணைத் திறந்து, பச்சைப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம், வரதன்" என்றது போன்.

பேசியது சந்திரம்மாவேதான். அவள் குரல், அவள் இழுக்கிற அதே இழுப்பு. "உங்களுக்காக மதுராந்தகத்தில் அழகான வீட்டுமனை ஒன்று காத்திருக்கிறது."

ஜன்னலில் காய்ந்த புடவை கடல்காற்றில் உப்பி உப்பி அடங்கியது. கூப்பிட்டதும் அவளே, எடுத்ததும் அவளே; நடுவில் இருக்க வேண்டியவன் மட்டும் இல்லை. கனவில் தவிர வேறெங்கே இப்படி நடக்கும்? அவள் பயப்படவில்லை. படுத்தபடியே அழுதாள், அதுவும் சந்தோஷமாக.

ஏனென்றால் அந்தப் பேரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். கூப்பிட வேண்டுமானால் "இந்தாய்யா". ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைத் திரும்பிப் பார்ப்பாள், அவள் சொல்லுவாள். காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள்கூட அவளுக்கு வெறும் பெருமாள்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவன் நினைவு தப்பிக் கிடந்தபோது நர்ஸ் சொன்னாள், "காதுகிட்ட பேர் சொல்லிக் கூப்பிடும்மா, முழிச்சாலும் முழிப்பார்." சந்திரம்மா குனிந்தாள். "இந்தாய்யா, இந்தாய்யா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. அவன் போய்விட்டான். ஆயுசைக் காப்பாற்றிய லட்சணம் அது! அன்றிலிருந்து அந்தப் பேர் அவள் தொண்டையிலேயே நின்றது.

குரல் எப்படி வெளியே போனது என்பது அவளுக்குத் தெரியும். படூரில் அவள் கூட்டித் துடைக்கும் கம்பெனியில் போன வருஷம் கம்ப்யூட்டருக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். வாட்ச்மேனோடு அவள் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டு இன்ஜினியர் சங்கரி ஓடி வந்தாள். "உங்க குரல் என்ன கணீர்னு இருக்குக்கா!" சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அதற்குள் கடலும் கேட்காது, பஸ்ஸும் கேட்காது. வண்டி வந்தது, மழை நின்றது என்று தலையும் வாலும் இல்லாத வாக்கியங்களை மாதக்கணக்கில் வாசித்தாள். அதையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி, எந்த வார்த்தை வேண்டுமோ அதை ஒட்டவைத்துக்கொள்ளும் மிஷின் அது. இங்கிலீஷ் தாளில் கையெழுத்து வாங்கி, ஒரு புடவையும் பிரியாணியும் கொடுத்தார்கள். குரலை யாருக்கு விற்பார்கள், எதைப் பேச வைப்பார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வரதன் மட்டும் லேசுப்பட்டவனா? மாமல்லபுரத்துப் பொருட்காட்சியில் குலுக்கலில் குக்கர் விழும் என்று பேரையும் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவன்தான். குக்கர் வரவில்லை, இது வந்தது.

அதன்பிறகு சந்திரம்மா காத்திருக்க ஆரம்பித்தாள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை போன் அடிக்கும். சாயங்காலமானால் அதைக் கடற்கரைக்கு எடுத்துப்போய், வெயில் தணிந்த மணலில் உட்கார்ந்திருப்பாள்; அடித்தால் அங்கேயே கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக மனை விளம்பரம் முழுவதையும் பொறுத்துக்கொள்வாள். அலை பின்வாங்கும்போது, இன்னொருமுறை கூப்பிட்டால் அவன் "இன்னா?" என்று கேட்டுவிடுவான்போல இருக்கும்.

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு ரெபேக்காள் வந்து நின்றாள்.

"இன்னா சந்திரா, மனை விக்கிற வேலைக்குப் பூட்டியா? சொல்லவேயில்ல?"

"யாரு சொன்னது?"

"நீதாண்டி சொன்ன, போன்ல! 'வணக்கம், ரெபேக்காள்'னு மரியாத வேற. நேத்து வேன்ல இட்டுகினு போய்க் காட்டுனாங்க. ஏரித் தண்ணி முழங்கால் மட்டும் நிக்குது. கோடையில வத்திடும்ன்றான் மனைக்காரன். எங்கப்பன் காலம்பூரா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டான். எம் பேர்ல ஒரு கையளவு மண்ணு வோணும். நீ சொன்னா பொய் இருக்காதுன்னுதான் வூட்ட அடமானம் வெக்கலாம்னு கீறேன். நாளைக்குக் கையெழுத்து."

"அது நான் இல்லடி. கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டருக்கு உன் தொண்ட எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தான் குடுத்தேன். போவாத ரெபேக்கா, நான் சொல்றேன், கையெழுத்துப் போடாத."

ரெபேக்காள் அவள் முகத்தையே பார்த்தாள். "போன்ல வாங்குன்ற, நேர்ல வாங்காதன்ற. எந்த சந்திராவ நான் நம்புறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இத்தனை நாள் தான் ரசித்துக் கேட்ட குரல் தெருத்தெருவாகப் போய் என்ன செய்துகொண்டிருந்தது என்று சந்திரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை, ரெபேக்காள் நம்புவதற்கு ஒரே சந்திராதான் இருக்க வேண்டும் என்று, துடைப்பத்தைத் தொடாமல் நேரே சங்கரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். முட்டை அட்டை அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மனைக்காரங்களுக்கு முதலாளி வித்துட்டார்க்கா. ஆனா மிஷின் இங்கதான் ஓடுது. உங்க குரலை நான் அழிச்சா ஒரு போன்கூடப் போகாது. என் வேலையும் போயிடும்." பிறகு, "உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "அழிச்சா அப்புறம் திரும்ப வராது. கடைசியா ஒருதரம் எதையாவது கேக்கணுமா? நான் டைப் பண்றதை உங்க குரல்ல சொல்லும்."

சந்திரம்மாவுக்கு உடம்பெல்லாம் ஆசை. "கேக்கணும்."

"என்னன்னு டைப் பண்ணட்டும்?"

"அவரு பேரு."

"அவர் பேர் என்னக்கா?"

வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள் சந்திரம்மா. எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கடல் சத்தம்கூட இல்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வரதன்" என்றாள்.

கணீரென்று வரவில்லை. கரகரத்து, பாதியில் உடைந்து வந்தது. இன்னொருமுறை சொன்னாள். "வரதன்."

சங்கரி டைப் பண்ணி முடிக்க, அவள் விரல் பேசவைக்கும் பொத்தானுக்குப் போனது. சந்திரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வோணாம்மா, அது சொல்ல வோணாம். நானே கூப்ட்டுட்டேன். அழிச்சுடு."