பாஸ்போர்ட்டை யார் தருவார்?

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்தது இல்லை. எதிர் வீட்டு ஜெய்னம்பு கொடுத்தது. கச்சிபௌலியில் எங்கள் அடுக்ககத்தின் லிப்ட் நின்றுபோன ஒரு சாயங்காலம், ஆளுக்கொரு காய்கறிப் பையோடு மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவள் சொன்னாள்: “கல்பகம்க்கா, எங்க மதரஸால ஒரு கேள்வி, ஒரு மனுசனை ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டு.”

கேள்வி எப்படி ஆளைக் கூட்டிவரும் என்று கேட்டேன். பையில் தக்காளி நசுங்குவதுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கைகழுவாமல் எழுத உட்கார்ந்தேன்.

இனி நான் கதைக்குள் வரமாட்டேன். குறுக்கே மட்டும் வருவேன்.

2

முதல் தொடக்கம்:

‘சார்மினாரின் நிழலில், குறுகிய சந்து ஒன்றில்…’

வேண்டாம். மதரஸா இருப்பது டோலிச்சௌக்கியில். சார்மினாரின் நிழல் அவ்வளவு தூரம் நீளாது. மூன்று தலைமுறையாகச் சிகந்தராபாத்தில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. எனக்கே தமிழில் எழுத உட்கார்ந்தால் சார்மினார்தான் முதலில் வந்து நிற்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

‘மௌலானா தாடியைத் தடவியபடி, இந்தப் பெட்டி மதரஸாவுக்குள் வரக்கூடாது என்று…’

இதை ஜெய்னம்புவிடம் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. “அப்படி யாரும் அங்க இல்லியேக்கா. யாரைச் சொல்லுதிய?” என்றாள். யாரைச் சொல்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை. கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டதே மதரஸாவின் தலைமை ஆசிரியை சுரையா பேகம்தான்.

ஆகவே மூன்றாவது தொடக்கம். இதை வெட்டமாட்டேன்.

3

2006ஆம் வருடம், ரமலானுக்குப் பிறகு, பழைய கம்ப்யூட்டர்கள் சில பெட்ஷீட் சுற்றிக்கொண்டு டிராலி ஆட்டோவில் டோலிச்சௌக்கி பெண்கள் மதரஸாவுக்கு வந்து இறங்கின. ஜெய்னம்புவின் கணவன் காஜா மைதீன் வேலை பார்த்த கம்பெனி கழித்துக் கட்டியவை அவை. ஆட்டோவின் பின்னால் இன்னொரு ஆட்டோவில் ஜெய்னம்பு வந்தாள். அவளும் அந்த ஊருக்குப் புதிய சரக்குத்தான்.

மேலப்பாளையத்துப் பெண். பெண்கள் அரபிக் கல்லூரியில் ஓதி ஆலிமா பட்டம் வாங்கியவள். அதற்குப் பின்னால் பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியமும் படித்தவள். கல்யாணமாகி வந்து கச்சிபௌலியின் ஏழாவது மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். டோலிச்சௌக்கியில் பெண்களுக்கு பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனபோது சுரையா பேகம் அவளை விசாரித்தார். படித்ததைச் சொன்னாள். அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்க எப்போதிலிருந்து வருகிறாய் என்றார்.

முதலில் ஆசிரியைகள் கற்றுக்கொள்ள வேண்டும், பிறகுதான் மாணவிகள் என்பது சுரையா பேகத்தின் ஏற்பாடு. ஆகவே ஜெய்னம்புவின் வகுப்பில் அவளைவிட வயதில் சிறியவர் ஒருவரும் இல்லை. முன்வரிசையில் சுரையா பேகமே உட்கார்ந்தார். பக்கத்தில் ரைஹானா. மேல் வகுப்புகளுக்கு அரபி இலக்கணம் நடத்துகிறவர். ஜெய்னம்புவுக்குப் பத்து வயதாவது மூத்தவர்.

சிக்கல், ஜெய்னம்புவின் உருது. மேலப்பாளையத்தில் அவள் பேசியது தமிழ் மட்டும்தான். இங்கே மூன்று மாதத்தில் பொறுக்கிய உருதுவை வைத்துக்கொண்டு அவள் பாடம் தொடங்கியதும் பெண்பால் எல்லாம் ஆண்பாலாயிற்று. உருதுவில் பெண்ணான நாற்காலி நடந்து வந்தான், புத்தகம் பேசினான். துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு வகுப்பு குலுங்கியது. அவர்களுடைய ரம்ஜான் அவளுக்கு ரமளான். ஜெய்னம்பு என்ற அவள் பெயரே அவர்களுக்கு நாக்கில் நிற்காமல் ஜைனப் ஆபா ஆகிவிட்டது. ஆபா என்றால் அக்கா. மூத்தவர்கள் இளையவளை அக்கா என்று கூப்பிட்டது டீச்சர் என்பதால்.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்த நேரத்தில் ரைஹானா எழுந்தார்.

“உர்து நக்கோ ஆபா,” என்றார். “நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுலயே சொல்லுங்க.”*

* அவர் சொன்னது தக்கனி உருதுவில். ‘நக்கோ’ என்றால் வேண்டாம். அங்கே யாரும் தமிழ் பேசவில்லை, தமிழாக்கியது நான். ‘நக்கோ’வை மட்டும் விட மனசு வரவில்லை.

4

இருவருக்கும் தெரிந்தது அரபி இலக்கணம்.

ஜெய்னம்பு கரும்பலகையில் வலமிருந்து இடமாக எழுதினாள்: ‘ளரப ஜைதுன் அம்ரன்’. ஜைது அம்ருவை அடித்தார். அரபி இலக்கணம் படித்த எவரும் தாண்டி வந்த வாக்கியம் அது. அதன் கீழே இடமிருந்து வலமாக ஆங்கிலத்தில் அதையே எழுதினாள். செயலுக்கு ஃபிஃல் என்று பெயர், செய்கிறவர் ஃபாயில், செய்யப்படுவது மஃப்ஊல். அந்த மூன்றையும் ஆங்கிலச் சொற்களுக்கு மேல் குறித்தாள். அரபியில் சொல்லின் கடைசி ஒலி, யார் அடித்தவர் என்று காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் நிற்கிற இடம்தான் காட்டிக்கொடுக்கும், இடத்தை மாற்றினால் கம்பு அம்ருவின் கைக்குப் போய்விடும் என்றாள்.

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு அவளால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அவர்களே கேட்டார்கள், அவர்களே விடை கண்டார்கள், தப்பென்றால் அவர்களே சண்டை போட்டார்கள். எத்தனையோ தலைமுறையாக அம்ரு அடி வாங்குவது போதும் என்று சுரையா பேகம் தீர்ப்புச் சொன்னதால், மறுநாளிலிருந்து ஜைது அம்ருவுக்கு இரானி சாய் வாங்கிக்கொடுத்தார்.

கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்ச நாள் முரண்டு பிடித்தது. மவுஸை மேஜை விளிம்புக்குத் தள்ளி, அதற்கு மேல் எங்கே தள்ளுவது என்று கேட்டவர்கள் உண்டு. கரண்ட் போகும். இணையம் டெலிபோன் லைனில் வந்ததால், யாராவது மதரஸாவுக்குப் போன் செய்தால் அறுந்துவிடும். அத்தனையையும் மீறி எல்லோரும் ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி திறந்தார்கள். எழுதிக்கொள்ள வெளியில் யாருமில்லாததால் ஒரே அறைக்குள் ஒருவருக்கொருவர் சலாம் அனுப்பிக்கொண்டார்கள்.

ரைஹானாவுக்கு மட்டும் வெளியில் ஓர் ஆள் இருந்தார்.

(இந்த இடத்தில் ரைஹானாவை அழவைத்திருந்தேன். அருமையான பத்தி. ஜெய்னம்பு, “அவுஹ அழவே இல்லக்கா” என்றாள். எடுத்துவிட்டேன்.)

5

ரைஹானாவின் கணவர் கௌஸ் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். ஒப்பந்தம் முடிந்து நெடுநாள் ஆகியும் ஊர் திரும்ப முடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. கேட்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பதில் வரும். அவருக்கு அது புரியாது. புரிந்தவர்கள், நல்ல பதில்தான், பொறு என்பார்கள். வெள்ளிக்கிழமை போனில் அவரும் அதையே மனைவிக்குச் சொல்வார்.

மனைவிக்கு மின்னஞ்சல் முகவரி வந்ததும், நெட் சென்டர் வைத்திருந்த நண்பர் ஒருவரைப் பிடித்து, கடைசியாக வந்த பதிலை அனுப்பிவைத்தார் கௌஸ். அது வந்த நாள் வகுப்பில் பாடம், செயப்பாட்டு வினை. ‘ஜைது டீ வாங்கினார்’ என்பது ‘டீ வாங்கப்பட்டது’ ஆவது எப்படி என்று நடந்துகொண்டிருந்தது. அரபியில் அந்த வினைக்கு மஜ்ஹூல் என்று பெயர். அறியப்படாதது என்று அர்த்தம். செயல் இருக்கும், செய்தவர் யாரென்று தெரியாது.

வகுப்பு முடிந்ததும் ரைஹானா ஜெய்னம்புவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். ஆங்கில வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. அது பரிசீலிக்கப்படும். பாஸ்போர்ட் உரிய காலத்தில் திருப்பித் தரப்படும். தங்களுக்குத் தெரிவிக்கப்படும்.*

* ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலை நம் ஊர் ஆபீசில் வாங்கியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“எல்லாம் மஜ்ஹூல், ஆபா,” என்றார் ரைஹானா. “ஒண்ணுலகூட ஃபாயில் இல்ல. இத்தனை நாளா நான் யாருக்காகக் காத்திருக்கேன்?”

தன் கணவனிடம் சொல்லி, கம்பெனி ஆங்கிலத்தில் கனமாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று ஜெய்னம்பு சொல்லிப்பார்த்தாள். ரைஹானா ஒத்துக்கொள்ளவில்லை. படித்தது நான், எழுதுவதும் நான்தான் என்றார். இரண்டு சாயங்காலம் எழுதினார். ‘தயைகூர்ந்து’ என்று தொடங்கினார், அடித்தார். கணவரின் கஷ்டத்தை எழுதினார்; அதையும் அடித்தார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

பாஸ்போர்ட்டை யார் தருவார்? எந்தத் தேதியில் தருவார்? அவர் பெயரைத் தயவுசெய்து எழுதுங்கள்.

ஜெய்னம்பு திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு டீச்சருக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்று என்னிடம் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

கடிதத்தை யாருக்கு அனுப்புவது? கம்பெனியின் இணையதளத்தைத் தேடித் தலைமை அலுவலக முகவரியை எடுத்தார்கள். நகல் அனுப்பும் கட்டத்தை ஜெய்னம்பு காட்டினாள். இதில் பெயர் போட்டால் இன்னொருவரும் படிக்கிறார், படிக்கிறார் என்பது முதல் ஆளுக்கும் தெரியும் என்றாள்.

“சாட்சி வைக்கிறதுன்னு சொல்லு,” என்றார் சுரையா பேகம், பின்னால் நின்றபடி. “அப்போ ரெண்டு பேரைப் போடு.”

ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகம் ஒரு சாட்சி. ஹைதராபாத்தில் கௌஸை அனுப்பிவைத்த ஏஜெண்ட் இன்னொரு சாட்சி.

6

அனுப்பவில்லை. அதற்கு முன் வெள்ளிக்கிழமை வந்தது.

போனில் விஷயத்தைக் கேட்ட கௌஸ் பயந்துபோனார். நக்கோ, நக்கோ என்றார். இருக்கிற சம்பளமும் நின்றுவிடும், தன்னைப் பாலைவனத்தில் எங்காவது ஒரு சைட்டுக்குத் தூக்கியடித்துவிடுவார்கள் என்றார். ரைஹானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அதை அவர் ஜெய்னம்புவிடம் சொன்னார். பாடம் நடத்த வந்தவள் ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைத்துவிட்டோமோ என்றிருந்தது. கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்றாள்.

“அவர் பயப்படுறது நியாயம். அவர் அங்க தனியா இருக்கார்,” என்றார் ரைஹானா. “நான் இங்க தனியா இல்லையே.”

அவர் ‘அனுப்பு’ என்பதை அழுத்தினார். அந்த நேரம் பார்த்து யாரோ மதரஸாவுக்குப் போன் செய்தார்கள், லைன் அறுந்தது. அல்லாவே ஒரு வழி விட்டான் என்று ஜெய்னம்பு மூச்சு விட்டாள். ரைஹானா போன் மணி ஓயும்வரை கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தார். மறுபடி இணைத்தார். மறுபடி அழுத்தினார்.

பிறகு வந்த நாட்களில் ஜெய்னம்பு சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. காஜா மைதீன், “நீ என்னளா பண்ணுவே, எழுதுனது அவுஹதானே” என்று சொல்லிப் பார்த்தான். சமாதானமாகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கௌஸிடமிருந்து போன் வரவில்லை. மறுநாள் ரைஹானாவும் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதில் வந்தது. வகுப்பே ரைஹானாவின் முதுகுக்குப் பின்னால் திரண்டது. முதல் வரியைப் படித்ததும் அவர் நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து, இப்போது உரக்கப் படித்தார்.

என் பெயர் வர்கீஸ். நான் பணியாளர் பிரிவு அதிகாரி. உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டை வரும் வியாழக்கிழமை நானே அவர் கையில் கொடுப்பேன். எக்ஸிட் விசாவுக்கும் நானே விண்ணப்பிக்கிறேன்.

“ஃபாயில் வந்துட்டார்,” என்றார் ரைஹானா.

சுரையா பேகம் வெளியே போனார். திரும்பி வரும்போது பேக்கரியிலிருந்து மதரஸா முழுவதற்கும் உஸ்மானியா பிஸ்கட் வந்தது. நூற்றுச் சொச்சம் மாணவிகளும் எதற்கென்று தெரியாமலே தின்றார்கள். தெரிந்தவர்கள் ஜெய்னம்புவைப் பார்த்த பார்வையை அவள் என்னிடம் விவரிக்க முயன்று, முடியாமல், கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

7

(வர்கீஸ் ஏன் பதில் எழுதினார்? ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ‘வர்கீஸின் மேஜையில் கோட்டயத்திலிருந்து வந்த…’ நிறுத்திவிட்டேன். சாட்சிகளுக்குப் பயந்திருக்கலாம். பெயர் கேட்டு அவருக்கு இதுவரை ஒருவரும் எழுதாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு நல்ல மனசையோ கெட்ட மனசையோ தைத்துக் கொடுப்பது சரியில்லை. அவர் சொன்னதைச் செய்தார். அது தெரியும்.)

8

கௌஸ் வந்துவிட்டார். அவர் ஊரில் கால் வைத்த நாளில்தான் எங்கள் லிப்ட் நின்றது.

விமான நிலையத்தில் முடியும் ஒரு முடிவு என்னிடம் இருந்தது. கூட்டத்துக்கு நடுவே கறுப்பு புர்கா, தள்ளுவண்டியில் கயிறு கட்டிய பெட்டி. எழுதினால் எழுதிவிடலாம். ஆனால் ஜெய்னம்பு அங்கே இல்லை, நானும் இல்லை.

மதரஸாவில் முடியும் ஒரு முடிவும் உண்டு. அது நடந்ததும்கூட. இந்த வருடம் மேல் வகுப்புப் பெண்களுக்கு ஆங்கில இலக்கணம் நடத்துகிறவர் ரைஹானா. ஜெய்னம்புவுக்குக் கம்ப்யூட்டர் மட்டும்தான். வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, வளைகுடாவில் ஆள் இருக்கும் பெண்கள் தெருவிலிருந்து காகிதத்தோடு மதரஸாவுக்கு வருகிறார்கள். மாணவிகள் படித்துச் சொல்கிறார்கள், பதில் எழுதித் தருகிறார்கள். கதையை இங்கே நிறுத்தியிருப்பேன். எல்லோரும் நிமிர்ந்து நிற்கும் இடம் இது.

நேற்று ஜெய்னம்பு இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். கௌஸுக்குக் குவைத்திலிருந்து புதிய வேலை வந்திருக்கிறதாம். சம்பளம் கூடுதல். இங்கேயும் வேலைக்குப் பஞ்சமில்லை. கச்சிபௌலியில் எழும்பும் கண்ணாடிக் கட்டிடங்களில் ஏசி இல்லாமல் ஒருவரும் உட்காரமாட்டார்கள். போகவா இருக்கவா என்று அவருக்குத் தெரியவில்லை. புதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து மனைவியின் முன்னால் வைத்துவிட்டு, நீ என்ன சொல்கிறாயோ அது என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் வீட்டிலிருந்து ஜெய்னம்பு கிளம்பி வரும்போது ரைஹானா பென்சிலோடு அதைப் படித்துக்கொண்டிருந்தார். கௌஸ் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

கௌஸ் போவதாக ஒரு பத்தியும், போகாமல் இருப்பதாக ஒரு பத்தியும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. இரண்டையும் உங்களுக்குத் தரப்போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் அந்த வீட்டுக்குள் போய் ரைஹானாவின் பக்கத்தில் உட்காருங்கள். டீ கிடைக்கும். குறுக்கே மட்டும் பேசாதீர்கள். அவர் இன்னும் படித்து முடிக்கவில்லை.