ஊதாத சங்கு

சும்மா ஊதுகிற சங்கை யார்தான் பொறுப்பார்கள்? மண்சரிவு வருகிறதென்று அந்த மாதம் மட்டும் ஆறு தடவை ஊதிற்று. ஆறு தடவையும் நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனம் பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. மலையோ அசையவில்லை.

"புள்ள, ஒன் மெசினு பொய்யா ஊதுது. வேலைய வுட்டுட்டு ஓடுறோம்னு கங்காணி பேர வெட்டி, அன்னைக்குக் கூலிய இல்லங்கிறாரு. சனம் என்னையப் பாத்து சிரிக்குது," என்றார் வீரசிங்கம் போனில்.

மகள் நிஷாந்தினிக்குச் சுருக்கென்றது. பதுளையில் அவள் வேலை செய்த கம்பெனிதான் அந்த மலைக்குக் காவல். மழையளவும் மண் நகர்வும் மலை மேலிருந்த சேமிப்புப் பெட்டியில் பதிவாகும். ரேடியோ இணைப்பு வழியாகப் பதுளைக் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். பெட்டி பதில் சொல்லாவிட்டால், அதை இயக்கும் ‘டிரைவர்’ என்கிற மென்பொருள் அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும். ஒரு நிமிடத்தில் எழாவிட்டால் செத்தது என்று முடிவுகட்டி, லயத்துச் சங்கை ஊதவைக்கும். ஆனால் இணைப்பு கொஞ்சம் அறுந்தாலும் அந்த முட்டாள் டிரைவர் பெட்டியே செத்ததாக முடிவுகட்டியது.

இரண்டே நாளில் திருத்தினாள். இணைப்பு அறுந்தால் தட்டி எழுப்பும் வேலை நிற்கும். இணைப்பு திரும்ப வந்ததும் அந்த ஒரு நிமிடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எத்தனை தடவை தொடங்கலாம் என்று எல்லை வைக்க மறந்தாள். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன?

கார்த்திகை மழையின் மூன்றாம் நாள் பிற்பகலில் தண்ணீர் புகுந்து பெட்டி உண்மையிலேயே செத்தது. காற்றில் இணைப்பு அரை நிமிடத்துக்கொரு தரம் போய்ப் போய் வந்தது. டிரைவரின் ஒரு நிமிடம் நிறையவே இல்லை. திரையில் ‘காத்திருக்கிறது’ என்று பச்சை எழுத்து. பச்சையைப் பார்த்து யார் பதறுவார்? நாற்பது நிமிடம் கழித்தே அவளுக்கு உறைத்தது. அப்பாவுக்கு அடித்தாள், போன் போகவில்லை. தானே சங்குக்குக் கட்டளை அனுப்பினாள். அதற்குள் லயம் மண்ணுக்கடியில் இருந்தது.

மறுநாள் சேற்றோரம் பக்கத்து வீட்டுப் பெரியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலையில சத்தம் கேட்டுச்சு. போயிரலாம்னு எல்லாரும் கெளம்பிட்டோம். ஒங்கப்பாதான் வாசல்ல நின்னுக்கிட்டு, 'சங்கு ஊதலயே, எதுக்கு ஓடுறீங்க? எம்புள்ள சரியாக்கிட்டா, இனி பொய் சொல்லாது'ன்னாரு. நான் கேக்காம ஓடிட்டேன். மத்தவங்க நம்பித் திரும்பிட்டாங்க."

நிஷாந்தினி சேற்றுப் பக்கம் திரும்பினாள்.

"எத்தன பேரு, அத்தே?"

"அவரோட சேத்துப் பதினொண்ணு."