வீலில் மாட்டிய தொப்பி

அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் பிளக் ஆடிக்கொண்டே இருந்தது. மகள் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்தால் பெட்டியின் விளக்கு அணைந்தது. கண்ணாடிக்குள் அப்பாவின் முகம் இன்னும் தூரமாகப் போனது.

இதைச் சரிசெய்ய வேண்டியவர் அப்பாதான். வீட்டில் எந்த மின்வேலைக்கும் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன் மேல் தன் நீலத் தொப்பியை மாட்டுவார். தொப்பி இருக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. "எனக்கு இல்லாத மரியாதை இந்த அழுக்குத் தொப்பிக்கு" என்பாள் அம்மா.

அது கப்பலில் பழகிய பழக்கம். சுக்கானைத் திருப்பும் இயந்திரம் இருக்கும் பின்பக்க அறையில் அவருக்கு வேலை. மேலே ஒருவர் வீலைத் திருப்பினால் கீழே ஆள் உயர இரும்புக் கை நகரும். நடுவில் நிற்பவரைப் பார்க்காது. அதனால் இறங்குமுன் வீலில் தொப்பியை மாட்டிவிட்டுப் போவார். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். அந்தக் கப்பலில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தக் கப்பலின் கேப்டன் வந்தார். பின்னால் வரப் பார்த்த தன் கார் டிரைவரைக் கையசைத்துக் காரோடு நிறுத்தினார். கால் ஒடிந்து கரைக்கு வருமுன் அந்த டிரைவரும் அதே கப்பலில் வீல் பிடித்தவர். அப்பா அவரை 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார்.

"சொல்லாமக் கொள்ளாம மிஷின் ரூமுக்குள்ள போயிட்டாரும்மா" என்றார் கேப்டன், அம்மாவிடம். "மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல மனுஷன்தான். கொஞ்சம் கவனக்குறைவு."

"ஆமா சார்" என்று சித்தப்பா தலையாட்டினார்.

கேப்டன் ஒரு கவரை நீட்டினார். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, தொப்பி. தொப்பியைத் துவைத்து மடித்திருந்தார்கள்.

"இது எங்க இருந்துச்சு சார்?" என்றாள் மகள்.

"அவரோட சாமான்தாம்மா."

"எங்க இருந்துச்சுன்னு கேட்டேன்."

"மேல... வீலுக்குப் பக்கத்து டிராயர்ல."

"டிராயர்ல யார் வச்சா? அப்பாவா?"

கேப்டன் கைக்குட்டையை எடுத்தார். "முதலாளி வீட்டுக்காரங்க கப்பலச் சுத்திப் பாக்க வந்தாங்க. அவ்ளோ சுத்தமான இடத்துல எண்ணெய்ப் பிசுக்கோட ஒரு தொப்பி... பாக்க நல்லால்லன்னு எடுத்து வச்சேன். வீலத் திருப்பிப் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க."

"அப்ப சொல்லிட்டுத்தான போயிருக்காரு?"

"ஒரு தொப்பிய வச்சு எப்படிம்மா..."

"ஸ்கூல் போற வயசுலயே எனக்குப் புரிஞ்சுது சார்."

"சின்னப் பொண்ணு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார் சித்தப்பா.

"நீங்க சும்மா இருங்க சித்தப்பா."

அம்மா நிமிர்ந்து கேப்டனைப் பார்த்தாள். "கவனமில்லாதவர்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்பச் சொன்னத இங்க இருக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி ஒருதரம் சொல்லுங்க."

கூடத்தில் எல்லா முகங்களும் திரும்பின. கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்" என்று எழுந்தார்.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துப் பிளக்கின் மேல் வைத்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு அவரை முந்தி வெளியே போனாள். திறந்திருந்த கார் ஜன்னலுக்குள் கையை விட்டு, ஸ்டியரிங்கில் அதை மாட்டினாள்.

கேப்டன் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். "வண்டிய எடுப்பா."

கார்க் கதவருகே நின்ற டிரைவர் தொப்பியைப் பார்த்தார்.

"காதுல விழலையா?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிரைவர் காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"விடுங்கக்கா" என்று பிளக்கின் மேல் கை வைத்தார். "நான் பிடிச்சுக்கறேன்."