மிலாடா மொழிபெயர்த்த விருந்து

செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் டிராம் ஓட்டும் மிலாடா, நவம்பரிலிருந்து ஜூன் வரை வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்த கையோடு இத்தாலி மொழி வகுப்புக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து வருடமாக இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் இருக்கும் யித்காவை ஜூலையில் போய்ப் பார்க்கும்போது, அவள் வீட்டாரோடு அவர்கள் மொழியிலேயே பேசித் தோழியைத் திகைக்க வைக்க வேண்டும் என்பது ஆசை.

யித்கா பள்ளிக்கூடத் தோழி. அதைவிடப் பெரிய கடன் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், கல்யாணத்தன்று மாப்பிள்ளை ராதிம் நகர மண்டபத்துக்கு வரவேயில்லை. வெள்ளை கவுனோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த மிலாடாவின் பக்கத்தில் கடைசிவரை இருந்து, கண்ணைத் துடைத்துவிட்டவள் யித்காதான்.

போய் இறங்கிய வியாழக்கிழமை சாயங்காலம், கடலைப் பார்த்த பால்கனியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வீடு துல்லியோவுடையது. சுங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும், அதிகம் பேசாத மனிதர். யித்கா அவரோடு ஆறு வருடமாக வாழ்கிறாள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அவர் அக்கா நீவெஸ், ஒரு தட்டு நிறைய வறுத்த நெத்திலியோடு மேலே வந்தாள். மிலாடா ரயிலிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்த இத்தாலி வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் நீவெஸ் முந்திக்கொண்டு இத்தாலி மொழியில் கேட்டாள். "இவங்கதானா, யித்கா? அந்தக் கேக் தின்ன கல்யாணப் பொண்ணு?"

மிலாடா அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே மறுபடி உட்கார்ந்தாள்.

"சும்மா இரு, நீவெஸ்," என்றார் துல்லியோ. சொன்னாரே தவிர, அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு.

"அட, அவளுக்கு ஒரு எழுத்து புரியாது," என்றாள் யித்கா. நீவெஸ் அந்தக் கதையை மறுபடி கேட்க ஆசைப்பட்டாள் போலிருக்கிறது. யித்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நடித்தே காட்டினாள். முக்காட்டை விலக்கி விலக்கி, விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பிளம் ஜாம் கேக்கை மணப்பெண் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது; பதிவாளரிடம் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று கெஞ்சியது; வாத்தியக்காரர்கள் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய் ஒன்றையே திருப்பித் திருப்பி வாசித்தது. நீவெஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அந்த மாப்பிள்ளை பயல் போனது எப்படின்னு சொல்லு," என்றாள்.

"காலையில ஏழு மணிக்கு என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். நான்தானே என் கார்ல கொண்டுபோய் ரயிலேத்தி விட்டேன்! பாதி வழியில திரும்பிடலாமான்னு கேட்டான். பேசாம உக்காருடான்னேன். அப்புறம் பூ வாங்கிட்டு நேரா மண்டபத்துக்குப் போனேன். இவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

மிலாடா கையிலிருந்த நெத்திலியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். செக் மொழியில் கேட்டாள்: "என்னடி, இப்படிச் சிரிக்கிறீங்க?"

"வெயிலப் பத்திடி. இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தியாம்."

அந்த நிமிடமே அவள் எழுந்து கத்தியிருக்கலாம். ஆனால் நாற்பது டன் இரும்பை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள் மிலாடா. மறுநாள் காலை காப்பிக் கடையில், நல்லா தூங்கினேன் என்றாள். யித்கா வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமைத் தின்றாள். காதை மட்டும் திறந்து வைத்திருந்தாள்.

அதற்குப் பலன் சனிக்கிழமை கிடைத்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் எழுப்பிய குளியல் துறையில், கூழாங்கல்மேல் துண்டு விரித்து மூவரும் படுத்திருந்தார்கள். யித்கா நீவெஸைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தபடியே செக்கில் சொன்னாள்: "இந்தக் கிழட்டுத் திமிங்கலம் தண்ணியில இறங்கினா கடல் கரையேறிடும், பாரு." நீவெஸுக்குப் புரியவில்லை, அவளும் பதிலுக்குச் சிரித்து, முதுகில் எண்ணெய் தடவிவிடட்டுமா என்று கேட்டாள்.

ஓஹோ, என்று நினைத்துக்கொண்டாள் மிலாடா. இவள் இரண்டு பக்கமும் இதைத்தான் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீவெஸ் அடுப்பில் சுட்ட பெரிய மீனோடு வந்தாள். சாப்பாடு பாதியில் இருக்கும்போது மிலாடா செக்கில் பேச்சை எடுத்தாள். "துல்லியோ நல்ல மனுஷனா இருக்காரேடி. உனக்கு அவர்னா உசிரா?"

யித்கா அவர் கைமேல் கை வைத்து, தேன் ஒழுகச் சிரித்தாள். "உசிரா? இவரு சுங்கச் சாவடியில போட்டு வச்ச நாற்காலி மாதிரி. பேச மாட்டாரு, நகர மாட்டாரு. இந்தப் பால்கனி இல்லேன்னா என்னிக்கோ போயிருப்பேன்."

"நீவெஸ் சமையல்?"

"ரப்பர் செருப்ப வேக வச்ச மாதிரி இருக்கு. முழுங்கு, முழுங்கு."

மிலாடா வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துல்லியோவின் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி, பிழையில்லாத இத்தாலி மொழியில் சொன்னாள்: "யித்கா சொல்றா, நீங்க சுங்கச் சாவடி நாற்காலி மாதிரியாம். பேச மாட்டீங்களாம், நகர மாட்டீங்களாம். இந்தப் பால்கனிக்காகத்தான் உங்களோட இருக்காளாம். நீவெஸ், உங்க மீன் வேக வச்ச ரப்பர் செருப்பாம். நேத்து குளிக்கிற இடத்துல உங்கள கிழட்டுத் திமிங்கலம்னா. மூணு நாளா நான் பாஷை தெரியாத மாதிரி இருந்ததுக்கு மன்னிக்கணும்."

யித்காவின் கை துல்லியோவின் கையிலிருந்து தானாகக் கழன்றது.

"பொய்! இவளுக்குக் கிறுக்கு!" என்றாள் யித்கா.

"எனக்குக் கேக் கதையும் புரிஞ்சுது," என்றாள் மிலாடா. "ரயிலேத்தினதும் புரிஞ்சுது."

நீவெஸின் முகம் தக்காளியாய்ச் சிவந்தது. வியாழக்கிழமை தான் சொன்னதைத்தான் இவள் சொல்கிறாள். இவள் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துல்லியோ கை துடைக்கும் துணியை நான்காக மடித்து வைத்தார். மிலாடாவைப் பார்த்து, "மூணு நாள் என் மேஜையில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தீங்க," என்றார். பாராட்டாக இல்லை. பிறகு யித்காவிடம், "பால்கனிதானே? நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன். அதுவரைக்கும் நல்லா பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மிலாடா பெட்டியை மூடும்போது யித்கா வாசலை மறித்து நின்றாள். "உனக்கு நல்லதுதான்டி செஞ்சேன்! அவன் அழுதுட்டே வந்தான். அந்தக் கோழையோட நீ என்ன வாழ்ந்திருப்பே?"

"அது என் பாடு. கல்யாணம் கெட்டதுக்காக இல்லடி இது. அவனை அனுப்பிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து என் கண்ணத் துடைச்சியே, அதுக்கு. அதையே கதையா சொல்லி நெத்திலியோட பரிமாறினியே, அதுக்கு."

"என் வாழ்க்கையே போச்சு!"

"இன்னும் அஞ்சு நிமிஷம் இரு. யாராவது வருவாங்க," என்றாள் மிலாடா. அதைச் சொன்னபோது அவள் நெஞ்சுக்குள் பனிக்கட்டி இறங்கியதுபோல் குளிர்ந்தது. எட்டு மாதத்து வகுப்பும் அந்த ஒரு குளிர்ச்சிக்கே தகும் என்று தோன்றியது.

படிக்கட்டில் நீவெஸ் நின்றிருந்தாள். "கேக் பொண்ணுன்னு கேலி பண்ணினேன். மன்னிச்சுக்கோங்க."

"நல்லாத்தான் சிரிச்சீங்க," என்றாள் மிலாடா. உடனே மன்னிக்க மனம் வரவில்லை.

நீவெஸ் தலை குனிந்தாள். "மீன்... அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள்.

"இல்ல. மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேனே, பாக்கலையா?"

ரயில் செவ்வாய்க்கிழமைதான். மிலாடா ஊருக்கு ஓடிப்போகவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, மிச்ச விடுமுறையைக் கடலில் மிதந்தும், கடைக்காரர்களோடு வாய் வலிக்கப் பேசியும் கழித்தாள்.

செப்டம்பரில் நீவெஸிடமிருந்து கடிதம் வந்தது. யித்கா ஊரின் மறுகோடியில் ஓர் அறைக்குக் குடிபோய்விட்டாள். துல்லியோ சாயங்காலங்களில் பால்கனிக் கதவைத் திறப்பதேயில்லை. படித்தபோது துல்லியோவுக்காக மிலாடாவின் மனம் சுருங்கியது, யித்காவுக்காகச் சுருங்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்து, துல்லியோவுக்கு வணக்கம் என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடியும் எழுதினாள். நீவெஸ் கேட்காமலே யித்காவின் புது முகவரியையும் கடிதத்தின் அடியில் குறித்திருந்தாள். மிலாடா அந்த ஒரு வரியை மட்டும் கத்தரியால் வெட்டி, துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.