மேசைக்கு அடியில் பதினான்காம் கேள்வி

1

நான்கு மாடிக் கட்டடத்தையே கட்டி ஆள்கிற ஓர் அதிகாரியம்மா, என் தம்பிக்காக மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய், தரையில் குப்புறப் படுத்து விண்ணப்பம் நிரப்பினார். சத்தியம். கண்ணால் பார்த்தேன்.

[கட்டடம் மூன்று மாடி. அவர் ஆள்வது ஓர் அறையை. மீதியை நான் நம்பவில்லை. அப்போது கண்ணை மூடியிருந்தேன்.]

அடைப்புக்குறிக்குள் பேசுகிறவன் அந்தத் தம்பிதான். வயது முப்பத்தெட்டு, ஆட்டிசம் உள்ளவன். இந்தக் கதை பிறந்ததே அவனோடு போட்ட சண்டையில். நான் ரிட்டயர் ஆகும்வரை முப்பத்திரண்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஒன்றைப் பத்தாக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவனுக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். "நீ எழுது, நான் திருத்துவேன். திருத்தத்தை அழிக்கக் கூடாது" என்றான். தலையாட்டித் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அன்று வானம் கிடுகிடுவென்று இடிக்க...' [வெயில்.] சரி, விட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான விண்ணப்பம் தபாலில் வந்ததும் தம்பி அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் தந்துவிட்டான். ஏதோ பாம்பைப் பிடித்து அடைத்தவன் மாதிரி ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. [ஒன்பது நாள்.]

மருந்துக் கிடங்கில் லேபிள் சரிபார்க்கும் வேலையில் இருந்தான். பதினோரு வருஷத்தில் ஒரு தப்புக் கிடையாது. [இரண்டு.] தடுப்புச் சுவர்களை இடித்து எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒலிபெருக்கி மாட்டினார்கள். மூன்றாம் வாரம் அவனைக் கழிவறைத் தரையிலிருந்துதான் கூட்டிவந்தேன். வேலை போயிற்று. உதவித்தொகை கிடைக்காவிட்டால் அவனுடைய ஒற்றை அறையும் போகும். பிறகு என் வீடுதான். அங்கே நான்கு பேரப்பிள்ளைகள், ஒரு டிரம் செட்.

[எந்தக் கதவும் சாத்தியிருக்காத வீடு.]

3

சமைக்க முடியுமா என்றது ஏழாம் கேள்வி. 'முடியும்' என்று எழுதினான்.

"அடேய், போன வாரம் மூணு நாள் பட்டினியா கிடந்தியேடா!"

"அந்த மூணு நாள் முடியல. மத்த நாள் முடிஞ்சுதே."

"அதை எழுது! கொஞ்சம் கூட்டியே எழுது. யாரு கண்டுபிடிக்கப்போறா?"

"நான் கண்டுபிடிச்சிட்டேனே, அக்கா."

மூன்று நாளையும் தேதி போட்டு எழுதினான், ஒரு வேளைகூடக் கூட்டாமல். பிறகு பேனாவை மூடி, திறந்து, மூடினான்.

"நான் நல்லாப் பேசினா, 'உனக்கென்ன கேடு'ன்னு அனுப்பிடுவாங்க. பேசாம இருந்தா எனக்கு பதிலா நீ பேசுவே. ரெண்டுமே பயமா இருக்கு."

இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

4

அதிகாரியம்மாவின் அறையில் டியூப்லைட் ரீங்காரம் போட்டது. எனக்குக் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டது. நேர்காணலுக்கென்று இரண்டு வாரம் கண்ணாடி முன் பழகியபடி, அவருடைய புருவங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டே பதின்மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னான். சட்டைக்குள் முதுகு நனைந்துகொண்டிருந்தது. விண்ணப்பத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் அவர் எழுதிய குறிப்பை எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகப் படித்தேன்: 'சரளமாகப் பேசுகிறார்.'

என் கால் தரையை அழுத்தியது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அங்கே இல்லை.

அப்போது பக்கத்து அறையில் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். "எனக்கு..." என்றவன் அதோடு நின்றான். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, மேசைக்கு அடியில் போய், காதைப் பொத்திக்கொண்டு சுருண்டான். சத்தத்தைவிட இன்னொன்று அவனை நடுக்கியதாம்: 'நடிக்கிறான்' என்று எழுதிவிடுவார்களோ. இவ்வளவு நேரம் நடித்ததுதான் நடிப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நான் வாயைத் திறந்தேன். கூட்டிச் சொல்வதற்கு ஒன்றுமே வரவில்லை.

[அக்கா பேசாமல் இருந்தாள். இது உண்மை.]

"லைட்டை அணைங்கம்மா" என்றார் அதிகாரியம்மா. வெளியே போய் துளைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். 'சரளமாக' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் இறங்கினார்.

"தம்பி, பதினாலாவது கேள்வி. அவசரமே இல்ல. தலையாட்டினா போதும்."

[குரல் கேட்டது. எங்கிருந்து என்று சொல்ல முடியாது.]

5

நேற்று இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் முடிவு. மற்றதில் விண்ணப்பத்தின் நகல். அதை அவன் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொடுத்திருந்தான்.

கதையின் முடிவு ஒன்று: பணம் கிடைத்தது. அவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். வெளியே நின்று அந்தச் சத்தத்தை நான்...

முடிவு இரண்டு: என் வீட்டு டிரம் செட்டை மூட்டை கட்டி...

[பிரிக்காத கடிதத்தைப் பற்றி எழுதாதே.]

எழுதவில்லை. உறை அலமாரிக்குள் இருக்கிறது, சாவி மறுபடி என்னிடம். இந்தாருங்கள், வாசகரே, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்றுக்குப் பத்து கிடையாது.

நகலை மட்டும் பிரித்தான். ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தான். பிறகு பென்சிலை எடுத்தான்.

[பதின்மூன்றாம் கேள்விவரை அதிகாரியின் எழுத்து சீராக இருக்கிறது. பதினான்கிலிருந்து பேனா ஏழு இடங்களில் துள்ளியிருக்கிறது. ஏழும் ஒரே நேர்கோட்டில். காகிதத்துக்கு அடியில் டைல்ஸ் இணைப்பு இருந்தால்தான் இப்படி வரும். அந்த மேசை வழவழப்பானது, தொட்டுப் பார்த்திருக்கிறேன். குப்புறப் படுத்தாரா என்று தெரியாது. தரையில் வைத்துத்தான் எழுதினார், என் பக்கத்தில். அக்கா சொன்னது நடந்தது.]